ஒரே கையால் திறந்து மூடும் கத்தி: எதை வாங்குவது?

கேள்வி: "டெக்சாஸில், டாலஸ் பக்கம் இர்விங்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். வயது 36. ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசர். அட்டைப்பெட்டி, டேப், பிளாஸ்டிக் பட்டை என்று நாள் முழுக்க எதையாவது வெட்டிக்கொண்டே இருப்பேன். கூட வேலை செய்பவர் ஒருவர் ஓடிஎஃப் (அவுட் தி ஃபிரன்ட்) கத்தி வைத்திருக்கிறார். பொத்தானை முன்னால் தள்ளினால் பிளேடு நேராக முன்பக்கம் வருகிறது, பின்னால் இழுத்தால் உள்ளே போய்விடுகிறது. பார்த்ததிலிருந்து ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. ஆன்லைனில் 35 டாலருக்கும் இருக்கிறது, 350 டாலருக்கும் இருக்கிறது. என்ன வித்தியாசம்? பாக்கெட்டிலேயே திறந்துகொள்ளும் என்று மனைவி பயப்படுகிறார். வீட்டில் 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். டிசம்பரில் திருச்சி போகிறோம். தினமும் வைத்துக்கொள்ள எது சரிப்படும்?"

பதில்:

அந்த 'சடக்' சத்தம்தான் உங்களைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 16 வருடமாக இதே டெக்சாஸில் ஒரு கத்திக் கடையில் நிற்கிறேன். காலையில் விற்பனை, மத்தியானத்துக்கு மேல் சாணையும் சர்வீஸும். இன்னமும் புதுப் பெட்டி வந்தால் பிரித்து நாலு தடவை தட்டிப் பார்க்காமல் அலமாரியில் வைக்க மாட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கத்தி எங்கள் கடையிலேயே கிடையாது. ஸ்பிரிங் கத்திக்கு டெக்சாஸில் இருந்த தடை நீங்கியது 2013 செப்டம்பர் 1-ஆம் தேதிதான்.

முதலில் வீட்டில் இருக்கும் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கமாக வரும் ஸ்பிரிங் கத்தியில் இரண்டு வகை உண்டு. சிங்கிள் ஆக்‌ஷனில், பிளேடு உள்ளே இருக்கும்போதே ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும். பொத்தானைத் தொட்டால் பாயும். மறுபடி உள்ளே தள்ள, பின்னாலிருக்கும் பிடியைக் கையால் இழுக்க வேண்டும். நீங்கள் பார்த்தது டபுள் ஆக்‌ஷன். அதில் பிளேடு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்துதான் கிடக்கும். நீங்கள் பொத்தானைத் தள்ளத் தள்ளத்தான் ஸ்பிரிங் இழுபடுகிறது. கட்டைவிரல் முக்கால் தூரம் போனதும் உள்ளே பூட்டு விலகும், இழுபட்ட ஸ்பிரிங் பிளேடை முன்னால் எறியும். கிட்டிப்புள் போலத்தான்: ஒரு தட்டு, மீதித் தூரம் அதுவாகப் போய், நுனியில் பூட்டில் விழும். பிளேடு பாய்வதற்கான சக்தி மொத்தமும் உங்கள் கட்டைவிரல் கொடுப்பதுதான். அதனால் நல்ல கத்தி சும்மா கிடக்கும்போது தானாகப் பாய்ந்துவிடாது. பொத்தானும் லேசில் நகராது; முதல் தடவை பிடிப்பவர்கள் "உடைந்திருக்கிறதா?" என்றே கேட்பார்கள்.

ஆனால் 9 வயதுப் பிள்ளை விஷயம் வேறு. 4 வயதுக் குழந்தையின் விரலுக்கு அது அநேகமாக நகராது. பெரிய பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அமுக்கினால் திறந்துவிடும். பெரும்பாலான மாடல்களில் தனியாக சேஃப்டி பூட்டு எதுவும் கிடையாது. பார்க்கவும் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் சாவி மாட்டும் இடத்தில் இதை வைக்கும் பழக்கம் வேண்டாம். உயரத்தில், பூட்டுப் போட்ட இழுப்பறையில் வையுங்கள். அப்புறம், பிள்ளைகள் முன்னால் தட்டித் தட்டி விளையாடாதீர்கள். அவர்கள் அதைத் தேட ஆரம்பிப்பது அங்கிருந்துதான்.

இனி வேலை. உங்கள் கிடங்கில் சொந்தக் கத்திக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டீர்களா? பல கிடங்குகளில் கம்பெனி கொடுக்கும், பிளேடு தானாக உள்ளே போய்விடும் கட்டரைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது. சூப்பர்வைசர் நீங்கள், உங்கள் பாக்கெட்டில் இருப்பதைத்தான் கீழே வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள். அனுமதி இருந்தாலும் நான் சொல்வது: பிளாஸ்டிக் பட்டைக்குக் கொக்கி வடிவ கட்டர்தான் சரியான சாமான். இறுக்கிக் கட்டிய பட்டையை நுனியால் நிமிண்டி அறுத்தால் பட்டை தெறிக்கும், கத்தி நழுவும். இரும்புப் பட்டை என்றால் கத்தியை எடுக்கவே கூடாது, அதற்குத் தனிக் கத்தரி இருக்கிறது. நாளைக்கு நூறு பெட்டி பிரிக்கிறீர்கள் என்றால் பிளேடு மாற்றும் சாதாரண யூட்டிலிட்டி கத்தி போதும். மழுங்கினால் புதுப் பிளேடு போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

அப்படியானால் ஓடிஎஃப் எதற்கு? இதைத்தான் நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். திறக்கும் வேகத்துக்காக இதை வாங்குகிறார்கள். ஒரே கையால் வேகமாகத் திறக்கும் கத்தி ஆயிரம் இருக்கிறது. இதன் உண்மையான பயன் மூடுவதில்தான். ஒரு கையில் பெட்டி, ஏணிக் கம்பி, பிள்ளையின் கை, எதுவாக இருந்தாலும் சரி. வெட்டி முடித்ததும் அதே கட்டைவிரலால் உள்ளே அனுப்பிவிடலாம். பல மடக்குக் கத்திகளில் மூடும்போது விரல் பிளேடின் பாதைக்குள் போகும். இதில் போகாது. திறந்த கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு "ஒரு நிமிஷம்" என்று போகும் பழக்கம் இதை வைத்திருப்பவர்களிடம் குறைவு. உங்கள் நாளில் அந்த இன்னொரு கை அடிக்கடி அடைபட்டிருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். இல்லையென்றால், பெஞ்ச்மேட் பக்அவுட் மாதிரி குறுக்குக் கம்பிப் பூட்டு வைத்த மடக்குக் கத்தி ஒன்று எடுங்கள். 3.24 அங்குலப் பிளேடு, எடை 52 கிராம்தான். ஒரே கையால் விரலை நடுவில் விடாமல் மூடலாம், பிளேடும் ஆடாது. ஓடிஎஃப் கேட்டு வந்தவர்களில் சிலரை நானே இதை எடுக்க வைத்து அனுப்பியிருக்கிறேன். முதலாளிக்கு அதில் வருத்தம்.

ஆட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. டபுள் ஆக்‌ஷன் ஓடிஎஃப் எல்லாவற்றிலும் பிளேடு கொஞ்சம் ஆடும். நுனியைப் பிடித்து அசைத்தால் டிக் டிக் என்று தெரியும். பிளேடு தடத்தில் ஓட இடைவெளி வேண்டுமே. இடைவெளியே இல்லாமல் செய்தால் ஒரு துளித் தூசியில் நின்றுவிடும். 300 டாலர் கொடுத்தும் ஆடுகிறதே என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். தொளதொளவென்று ஆடினால்தான் கோளாறு. இன்னொன்று: வெளியே வந்து நிற்கும் பிளேடை உள்ளே போகவிடாமல் தாங்குவது சின்னப் பூட்டுத்தான். குத்துவதற்கும், நெம்புவதற்கும், பெயின்ட் டப்பா மூடியைக் கிளப்புவதற்கும் இது ஆகாது. இழுத்து அறுக்கும் வேலைக்கு மட்டும்.

பிளேடு பாயும் வழியில் துணியோ அட்டையோ குறுக்கே வந்தால் நடுவழியில் நின்று, தடம் விலகிக் கொழகொழவென்று கிடக்கும். பயப்பட வேண்டாம், உடையவில்லை; ஒருவகையில் அதுதான் பாதுகாப்பும். நுனி உங்களையும் யாரையும் பார்க்காதபடி பிடித்துக்கொண்டு, பிளேடின் இரண்டு தட்டைப் பக்கங்களையும் விரலால் பற்றி மெதுவாக வெளியே இழுங்கள். க்ளிக் என்று விழுந்தால் பழையபடி ஆகிவிட்டது.

35 டாலர் கத்திக்கும் 350 டாலர் கத்திக்கும் வித்தியாசம் இங்கேதான். விலை குறைந்ததில் தடம் சொரசொரப்பாக இருக்கும், ஸ்பிரிங் சீக்கிரம் தளரும், வாரத்துக்கு இரண்டு முறை தடம் விலகும். பூட்டின் ஓரம் தேய்ந்தால் பிளேடை லேசாக அழுத்தினாலே உள்ளே போகும். பாக்கெட்டில் தானாகத் திறந்தது என்று நான் கேட்ட கதைகள் எல்லாம் இந்த ரகத்துக் கத்தியைப் பற்றித்தான். இரும்பும் அப்படித்தான்: வெறுமனே '440' என்று மட்டும் பொறித்திருந்தால் ஒரு வார அட்டையில் மொண்ணையாகிவிடும். அட்டையில் மண்ணும் தூளும் கலந்திருக்கும், கத்திக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. மைக்ரோடெக் இந்த ரகத்தில் பெயர் வாங்கிய கம்பெனி; இணையத்தில் பாதி விலைக்கு வரும் மைக்ரோடெக் பெரும்பாலும் மைக்ரோடெக்கே கிடையாது. போலி அவ்வளவு மலிந்துவிட்டது. எழுத்து, ஸ்க்ரூ எல்லாம் அச்சு அசலாக இருக்கும். சர்வீஸுக்குப் பிரித்தால்தான் உள்ளே ஏமாற்று தெரியும்.

ஒரு தடவை என் சொந்தக் கத்தியே என்னைக் கேவலப்படுத்தியது. கடைக்கு வந்த சரக்கை ஒரு வாரம் முழுக்க ஓடிஎஃப்பாலேயே பிரித்தேன். எல்லாம் டேப் ஒட்டிய பெட்டி. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால் தட்டிக் காட்டினேன். சடக் என்று வர வேண்டியது 'சொத்' என்று பாதியில் நின்றது. பிளேடில் ஒட்டிய டேப் பசையை நான்தான் ஒவ்வொரு தடவையும் உள்ளே கூட்டிப் போயிருக்கிறேன். காற்றடித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு ஆட்டினால், அட்டைத் தூளும் பசையும் குழைந்து ஊறிய கருவாட்டு மாவு மாதிரி வழிந்தது. ஓடிஎஃப்பின் வாய் எப்போதும் திறந்தே இருக்கிறது. பிளேடில் என்ன ஒட்டுகிறதோ அது உள்ளே போகும். ஆகவே டேப் வெட்டினால் துடைத்துவிட்டு மூடுங்கள். மாம்பழம், ஆப்பிள் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பலாப்பழம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பராமரிப்பு அதிகம் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை, வாயைக் கீழே பார்த்தபடி பிடித்துக் கேன் காற்று அடியுங்கள். ஒட்டல் இருந்தால் ஆல்கஹால் விட்டு இருபது முப்பது தடவை தட்டி, நன்றாக உலர விடுங்கள். பிறகு லேசான துப்பாக்கி எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய், தையல் மிஷினுக்கு இருக்கிறதே என்று வேறு எதையாவது ஊற்றுவது எல்லாம் வேண்டாம். எண்ணெய் கூடினால் தூசியைப் பிடித்துவைக்கும். ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். சில கம்பெனிகள் சாதாரண திருப்புளிக்கு அகப்படாத ஸ்க்ரூவையே போடுகின்றன. பிரித்தால் வாரண்டி போகும், ஸ்பிரிங் பறந்தால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டும். கூர் போவதற்குள் கொண்டுவாருங்கள், சாணை பிடிப்பது சுலபம். முழுக்க மொண்ணையான பிறகு வந்தால் எனக்கும் வேலை அதிகம், உங்கள் பிளேடும் கரையும்.

சரி, எதை வாங்குவது? உங்களுக்கு நான் சொல்வது: பிளேடு 3 அங்குலத்தை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் கூர், பல் இல்லாதது, முதுகு நுனியை நோக்கிச் சரிந்து இறங்கும் டிராப் பாயின்ட் வடிவம், அலுமினியப் பிடி. பெயர் சொல்ல வேண்டுமென்றால் மைக்ரோடெக் யுடிஎக்ஸ்-85. அதன் அண்ணன் அல்ட்ராடெக்குக்குப் பிளேடு கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம். கையில் நிறைவாக இருக்கும், பாக்கெட்டில் உட்காரும்போது இடுப்பில் உறுத்தும். இல்லையென்றால் கெர்ஷா லைவ்வயர். ஆரகனில் செய்வது, பிளேடு மேக்னாகட் இரும்பு. மேக்னாகட் 2021-இல் வந்தது. துருப்பிடிக்காமலும், சீக்கிரம் முனை உடையாமலும், கூர் நிற்கிற மாதிரியும் மூன்றையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்கிற இரும்பு அது. வியர்த்து வடியும் உங்கள் ஊர் ஆகஸ்டுக்குப் பொருத்தம். எம்390 என்ற இரும்பும் அதே தரத்தில் நல்லது. டி2 இரும்பில் கூர் நன்றாக நிற்கும். ஆனால் வியர்வையில் புள்ளி புள்ளியாகத் துரு வரும், துடைத்து வைக்கிறவர்களுக்குத்தான்.

இரண்டு பக்கமும் கூர் உள்ள டாகர் வடிவம் கண்ணாடி அலமாரியில் ரொம்ப அழகு. பெஞ்ச்மேட் இன்ஃபிடல் அந்த ரகம், ஏறக்குறைய 4 அங்குலம். தினசரி வேலைக்கு வேண்டாம். பிளேடின் முதுகில் கட்டைவிரல் வைத்து அழுத்த இடமில்லை, முதுகே கூர்தான். அதோடு பல ஊர்களில் இரட்டைக் கூருக்குச் சட்டம் இன்னும் கடுமை.

கடையில் கையில் எடுத்துப் பாருங்கள், இதை வலியுறுத்திச் சொல்கிறேன். பொத்தான் பிடியின் ஓரத்தில் இருக்கிறதா, அகலமான பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் இருந்தால் இடதுகைக்காரருக்கும் சிரமமில்லை. ஆனால் பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பை மறுபக்கம் மாற்ற முடியாத மாடல்கள் நிறைய. பத்துத் தடவை தட்டுங்கள். கட்டைவிரல் நுனி வலித்தால், அதே மாடல் ஒரு வாரத்தில் இழுப்பறைக்குப் போய்விடும். கையை லேசாக ஈரமாக்கியும் ஒரு தடவை பாருங்கள். பின்முனையில் கார்க் கண்ணாடி உடைக்கும் கூர்மணி இருக்கிறதா? இருந்தால் அது மேலே பார்த்தபடி பாக்கெட்டில் நிற்கும், சீட் பெல்ட் பக்கிளையும் காரின் பெயின்டையும் கீறும். அது இல்லாத மாடலே நல்லது என்பது என் கட்சி.

சட்டம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் 2017 செப்டம்பருக்குப் பிறகு கணக்கு பிளேடு நீளத்தில்தான். ஐந்தரை அங்குலத்துக்கு மேல் போனால் பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. உங்கள் 3 அங்குலம் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்குள் போகும்போது காரிலேயே வைத்துவிடுங்கள். பள்ளிக்கென்று தனி விதி இருக்கும். மத்திய அரசுக் கட்டடம் என்றால் சட்டமே வேறு. அங்கே விலக்கு இருப்பது இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த பேனாக்கத்திக்குத்தான். நம் ஆட்கள் கிரீன் கார்டுக்குக் கைரேகை கொடுக்கப் போகும் அலுவலகம், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் எல்லாம் அதில் அடக்கம்.

ஆன்லைனில் வாங்குவதைவிட ஊர்க் கடையில் வாங்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 1958-ஆம் வருடத்து மத்தியச் சட்டம் ஸ்பிரிங் கத்தியை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைக் கட்டுப்படுத்துகிறது. அரசுத் தபாலில் இதை அனுப்பவும் தனிச் சட்டத்தில் தடை. நண்பருக்குப் பரிசு என்று தபாலில் போட்டுவிடாதீர்கள்.

காரில் குடும்பச் சுற்றுலா போவீர்கள்தானே. டாலஸிலிருந்து கிராண்ட் கேன்யன் போனால் நடுவில் நியூ மெக்சிகோ. அங்கே ஸ்பிரிங் கத்தி வைத்திருப்பதற்கே தடைச் சட்டம் உண்டு. ஆன்டிலோப் கேன்யன் இருப்பது நவஹோ பழங்குடி நிலத்தில். 1958 சட்டம் பழங்குடி நிலத்துக்குள் இதைக் கையில் வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. கலிஃபோர்னியாவில் பிளேடு 2 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மறுபக்கம், மாசசூசெட்ஸில் இருந்த தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் போகும் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்துச் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விசாவில் இருக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அபராதத்தோடு முடிகிற சின்ன விஷயமாக இருந்தாலும், "எப்போதாவது கைதானதுண்டா?" என்ற கேள்வி விசா படிவத்தில் ஒவ்வொரு தடவையும் வரும். டொரொன்டோவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் எடுத்துப் போகாதீர்கள். கனடாவில் ஸ்பிரிங்கில் திறக்கும் கத்தி தடைசெய்த ஆயுதம். பிரிட்டனில் 2021 ஜூலை முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

கடைசியாக டிசம்பர். இந்தக் கத்தி திருச்சிக்கு வர வேண்டாம். செக்-இன் பெட்டியில் வைக்க அமெரிக்க விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள்தான், ஆனால் அந்த அனுமதி இறங்கும் இடத்தில் செல்லாது. டெல்லியில் 'பட்டன்தார்' கத்திக்கென்றே 1980-இல் போட்ட அறிவிப்பு இருக்கிறது: நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும் எட்டிவிட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. 7.62 என்பது சரியாக 3 அங்குலம். டெல்லி வழியாகப் போகும் பயணி அதிகாரி முன்னால் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருக்க முடியாது. வழியில் சிங்கப்பூரோ துபாயோ இருந்தாலும் எடுத்துப் போகாமல் இருப்பதுதான் நல்லது.

வேண்டுமென்றே யாரும் எடுத்துப் போவதில்லை. வேலைக்கு எடுத்துப் போகும் லேப்டாப் பையின் முன்ஜிப்பில் கிடந்து, அதே பை கேபின் பையாக விமானத்துக்குப் போகும். இது என் கடை வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்தது. பாதுகாப்புச் சோதனையில் அரை மணி நேரம் நின்று, கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி அந்தப் பையை மெத்தைமேல் தலைகீழாகக் கவிழ்த்து, எல்லா ஜிப்பையும் திறந்து உதறுங்கள்.